நைஸ்னா மரவீட்டுக்கு எந்த ஸ்க்ரூ?

தம்பி, தென்னாப்பிரிக்காவில் நைஸ்னாவில் மரச்சட்ட வீடு வாடகைக்குப் பிடித்திருக்கிறீர்கள். சுவரைத் தட்டினால் உள்ளே காலியாகக் கேட்கிறது, சாமி அலமாரியும் டிவியும் மாட்ட எந்த ஸ்க்ரூ வாங்குவது, பள்ளிக்கூடம், கார், மளிகை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் பற்றி ஆபீசில் பிள்ளை வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள். கார் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது. மளிகைக்குக் கேப்டவுன் போகும்போது நம்மூர்ச் சாமான் கிடைக்கும் ரைலண்ட்ஸ் பகுதிப் பக்கம் ஒரு நடை போய் மொத்தமாக வாங்கி வந்துவிடுங்கள். ஸ்க்ரூ விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் உங்கள் பக்கத்து ஊரான ஜார்ஜுக்கு வந்த புதிதில், வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் சமையலறைப் பலகையை ஜிப்சம் போர்டுக்குப் போடும் கருப்பு ஸ்க்ரூவில் மாட்டிவிட்டுப் போனார். துவரம்பருப்பு, புளி, இட்லி அரிசி எல்லாம் ஏற்றினோம். ஒரு ராத்திரி மொத்தமும் கீழே வந்தது. ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரவில்லை, கழுத்தில் ஒடிந்திருந்தது. தலை தரையில் கிடந்தது, மிச்சம் மரத்துக்குள்ளேயே. அந்த வகை ரொம்பக் கடினம். பாரம் தொங்கினால் வளையாது, முறிந்துவிடும். கடைசியில் அந்த ஓட்டைகளுக்கும் எங்கள் அட்வான்ஸில் பிடித்தார்கள். இங்கே 1999 வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிபோகும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுதிவைக்க வேண்டும். அதை எழுதாமல் சாவி வாங்காதீர்கள். ஓட்டை போடவும் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஜோகன்னஸ்பர்க்கில் செங்கல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "ரால்பிளக் போட்டு அடிங்க சார்" (செங்கல் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) என்று சொல்லும் நம்மாட்கள் நிறைய. பின்னால் வெற்றிடம் இருக்கும் போர்டில் ரால்பிளக் எதைப் பிடிக்கும்? மரத்தைத்தான் தேட வேண்டும். போர்டுக்குப் பின்னால் நிற்கும் மரச் சட்டங்கள் பெரும்பாலும் 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் நிற்கும். சின்னக் காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்தினால் போர்டு ஸ்க்ரூவின் தலையில் ஒட்டும். அந்த நேர்கோட்டில் சட்டம் இருக்கும். மெல்லிய பிட்டால் துளைத்துப் பாருங்கள். வெளிறிய பைன் தூள் வந்தால் சரி. வெள்ளைப் பொடி வந்ததும் பொசுக்கென்று உள்ளே போனால் தப்பான இடம். உலோகச் சுருள் வந்தால் நிறுத்திவிடுங்கள், அது ஸ்டீல் சட்டமாக இருக்கலாம். பிளக் பாயிண்டுக்கும் சுவிட்சுக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளைக்கவே கூடாது, ஒயர் போயிருக்கும்.

அலமாரிக்கு 5 மி.மீ. பருமன், 60 மி.மீ. நீள மர ஸ்க்ரூ வாங்குங்கள். கணக்கு எளிது: பிராக்கெட் 3, போர்டு 12 சொச்சம் போனாலும் 40-க்கு மேல் மரத்துக்குள் இறங்கும். முதலில் 3 மி.மீ. துளை போடுங்கள், பைன் பிளக்காது. சட்டத்தின் அகலமே 38 மி.மீ.தான், நடுவில் இறக்க வேண்டும். டிவிக்கு 8 மி.மீ. கோச் ஸ்க்ரூ (அறுகோணத் தலை உள்ள தடித்த மர ஸ்க்ரூ), ஐந்தரை மி.மீ. துளை, ஸ்பேனரால் முறுக்குங்கள். மறக்காமல் தலையைப் பார்த்து பிட் போடுங்கள். பொசிட்ரைவ் தலையில் (கூட்டல் குறிக்கு இடையே சின்னக் கோடுகளும் இருக்கும்) பிலிப்ஸ் பிட் (வெறும் கூட்டல் குறி) வைத்தால் வழுக்கி, தலையை மொழுக்கிவிடும்.

இவ்வளவையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆப்பிரிகான்ஸ் தச்சர். எனக்கு அவர் பாஷை வராது, அவருக்கு என் ஆங்கிலம் பிடிபடாது, கையாலேயே பேசிக்கொள்வோம். ஸ்க்ரூ மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தபிறகுதான் இறக்குவார், வெண்ணெயாக இறங்கும். மின்வெட்டு நாட்களில் மெழுகுவர்த்திக்கா பஞ்சம்! ஊரில் ஆசாரியைக் கூப்பிட்டே பழகிய எனக்கு இன்று சொந்த ட்ரில் இருக்கிறது, தெருவில் இருவர் கடன் கேட்டு வருகிறார்கள். வெளியே டெக்கில் (மரப்பலகைத் தளம்) மட்டும் சாதாரண துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூவை அவர் தொடவே விடமாட்டார். மருந்தேற்றிய பைனில் இருக்கும் செம்பும் கடல் காற்றும் சேர்ந்து அதை அரித்துவிடும். அங்கே துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவே போடுங்கள், விலை கூடத்தான்.