லினக்ஸ் டிரைவர் எழுத பெங்களூருதான் போக வேண்டுமா?

கேள்வி: "திருநெல்வேலி பக்கம் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுத ஆசை. பெரிய லேப் உள்ள பெங்களூரு கம்பெனியில் சேர்ந்தால்தான் அது நடக்கும் என்கிறார்கள். ஊரில் இருந்தே முடியாதா?"

முடியும். (கெர்னல் என்பது லினக்ஸின் உட்கரு; ஒரு சாதனத்தை அதோடு பேசவைக்கிற நிரல்தான் டிரைவர்.) பெங்களூருதான் என்று சொன்னது யார் என்று ஊகிக்க முடிகிறது. கல்லூரியில் பிளேஸ்மென்ட் பார்க்கிறவராக இருக்கும், இல்லையென்றால் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிற சித்தி பையன். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இரண்டு பேருமே ஒரு டிரைவரின் மூலநிரலைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய கெர்னல் டெவலப்பர் இல்லை. பாவூர்சத்திரம் பக்கம் இருந்துகொண்டு காய்கறி கமிஷன் கடைகளுக்கும் அரிசி மில்களுக்கும் பில் போடுகிற மென்பொருள் செய்து கொடுக்கிறவன். எல்லாம் லினக்ஸில்தான். கொள்கைப் பிடிப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நிஜக் காரணம், லைசென்ஸுக்குக் காசு கொடுக்க எந்த அண்ணாச்சியும் தயாராக இல்லை. கெர்னலில் என் பெயரில் இருப்பவை சின்னச் சின்ன பேட்ச்கள், அதாவது திருத்தங்கள். "ஒரு வரி ஐடி சேர்த்தவன் எல்லாம் டிரைவர் பற்றிப் பேசுகிறான்" என்று கீழே யாராவது எழுதப்போகிறீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள். கெர்னல் மூலநிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். அங்கே தினமும் போகிற திருத்தங்களில் எத்தனையோ இந்த மாதிரி ஒரு வரி, இரண்டு வரி சமாச்சாரம்தான்.

சி மொழி ஓரளவு கைவந்தவருக்கு டிரைவர் எழுதுவது பழகிவிடும். கெர்னலிலேயே ஏற்கெனவே இருக்கிற ஒரு டிரைவரை எடுத்து வைத்துக்கொண்டு, சாதனத்தைச் செருகும்போது எந்தச் செயற்கூறு ஓடுகிறது, பிடுங்கும்போது எது ஓடுகிறது என்று பார்த்தாலே பாதி பிடிபடும். கஷ்டம் சோதிப்பதில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டியது கையில் நிஜமான சாதனம், அதை நிஜமாகவே கொடுமைப்படுத்துகிற இடம். இரண்டுக்கும் நம் ஜில்லாவில் பஞ்சமே இல்லை. என் கதையைச் சொன்னால் புரியும்.

எடைத் தராசு தெரியும் அல்லவா? கமிஷன் கடையில் தக்காளிப் பெட்டியைத் தூக்கி வைத்தால் சிவப்பு எழுத்தில் கிலோ காட்டுமே, அதுதான். அதன் பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்கும். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யுஎஸ்பி கேபிள். பெரும்பாலும் அதற்குள் சிஎச்340 என்ற சீனச் சில்லுதான். ஒரு கடையில் இப்படி இணைத்தபோது எடை பாதி ஒழுங்காகவும் பாதி கிறுக்கலாகவும் வந்தது. கேபிள் போச்சு, வேறு வாங்கு என்றார்கள் எல்லோரும். எனக்கு ஒப்பவில்லை. கிறுக்கலைத் தாளில் எழுதிப் பார்த்தேன். 0, 3, 5, 6, 9 எப்போதும் சரியாக வருகின்றன. 1, 2, 4, 7, 8 மட்டும் எப்போதும் கெட்டுப்போகின்றன.

கெட்டுப்போன கேபிள் எண் பார்த்துக் கெடுக்காது. அந்தத் தராசு ஏழு பிட், இரட்டைப் பாரிட்டியில் அனுப்புகிறது, அதாவது ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகும்படி எட்டாவதாக ஒரு சோதனை பிட் சேர்த்து. கம்ப்யூட்டர் அதை எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று வாசிக்கிறது. 0, 3, 5, 6, 9 ஆகியவற்றின் ஆஸ்கி குறியீட்டில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை, அதனால் பாரிட்டி பிட் பூஜ்யமாகிவிடுகிறது, எழுத்து தப்பித்துவிடுகிறது. மற்ற ஐந்துக்கும் ஒற்றைப்படை, எட்டாவது பிட் ஏறிக்கொள்கிறது. சரி, நிரலில் பாரிட்டியை மாற்றினால் தீர்ந்தது என்று மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. டிரைவரைத் திறந்து பார்த்தால், அந்தக் கடையில் ஓடிய பழைய கெர்னலில் இந்தச் சில்லுக்கான டிரைவரில் பாரிட்டி வேலையே இல்லை. வேகத்தை மட்டும் மாற்றும், மீதியைக் கண்டுகொள்ளாது. பிந்தைய கெர்னல்களில் யாரோ புண்ணியவான் அதைச் சேர்த்திருந்தார். கெர்னலைப் புதுப்பித்ததும் தக்காளி எடை ஒழுங்காக வந்தது. டிரைவர் என்பது யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து எழுதிய சில நூறு வரிகள், அதில் விட்டுப்போனதை நாமும் சேர்க்கலாம் என்று எனக்கு உறைத்தது அந்தக் கமிஷன் கடைத் திண்ணையில்தான்.

அப்புறம் மில். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெல் மில்லில் லாரி எடை மேடை. அதன் இண்டிகேட்டர் பெட்டியில் நேரடியாகவே யுஎஸ்பி இருந்தது. செருகினால் லினக்ஸ் சாதனத்தைப் பார்க்கிறது, ஆனால் எந்த டிரைவரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே என்ன சில்லு என்று திறந்து பார்க்கவும் வழியில்லை. எடையளவு முத்திரை வைத்த பெட்டி, முத்திரையை உடைத்தால் மில்காரர் வம்பில் மாட்டுவார். வெளியில் இருந்தே யுஎஸ்பி விவரங்களை வாசித்ததில் சிபி210எக்ஸ் ரகச் சில்லு மாதிரித் தெரிந்தது. தயாரித்தவர்கள் தங்கள் சொந்த ஐடியை, அதாவது சாதனத்தை அடையாளம் காட்டும் எண்களை, அதில் எழுதிவிட்டிருக்கிறார்கள், அதனால்தான் டிரைவருக்கு அடையாளம் தெரியவில்லை. இதைச் சோதிக்கக் கெர்னலைக் கம்பைல் செய்யக்கூட வேண்டாம். ஓடுகிற டிரைவரின் 'நியூ ஐடி' என்ற கோப்பில் அந்த எண்களை எழுதினால் போதும், இதையும் உன் பிள்ளையாக எடுத்துக்கொள் என்று அர்த்தம். எழுதியதும் எடை வந்துவிட்டது.

வந்தது, ஆனால் நிற்கவில்லை. நெல் குத்துகிற மோட்டாரின் ஸ்டார்டர் டக்கென்று விழும் நேரத்தில் எல்லாம் எடை போய்விடும். மில் அண்ணாச்சி ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கத்துவார்: "என்னடே, லாரி மேடையில நிக்கு, உன் டப்பாவுல எடை வரமாட்டேக்கு!" கெர்னலின் பதிவான டிமெசேஜைப் பார்த்தால் போர்ட்டை ஹப் அணைத்துவிட்டது, மின்காந்தக் குறுக்கீடாக இருக்குமோ, மறுபடி உயிர்ப்பிக்கிறேன் என்று ஒரு வரி. அந்தக் குறுக்கீடு என்ற இடத்தில் கெர்னலே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கும். அதற்கும் நிச்சயம் இல்லை, நம்மைப் போய்ப் பார்க்கச் சொல்கிறது. போய்ப் பார்த்தால் மோட்டாருக்குப் போகிற மூன்று ஃபேஸ் ஒயரும் இண்டிகேட்டர் கேபிளும் ஒரே குழாய்க்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு போகின்றன. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிரித்து, ஷீல்டு கேபிள் போட்டு, எர்த்தையும் சரிசெய்த பிறகு அடங்கியது.

ஆனால் அதற்கு முன்னால் அந்த மில் எனக்குக் கொடுத்த சோதனைக்கூடம் இருக்கிறதே, எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது. மென்பொருள் போர்ட்டைத் திறந்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே சாதனம் காணாமல் போய், அடுத்த நொடி திரும்பி வருகிறது. டிடிஒய்-யுஎஸ்பி-0 என்ற பழைய போர்ட் பெயர் இன்னும் திறந்தே இருப்பதால் புதிதாக வந்தது டிடிஒய்-யுஎஸ்பி-1 ஆகிவிடுகிறது. யுஎஸ்பி டிரைவர்களில் பல ஆபத்தான பிழைகள் ஒளிந்திருப்பது இந்த இடத்தில்தான்: சாதனம் போய்விட்டது, அதற்கான நினைவகத்தை விடுவித்தாகிவிட்டது, இன்னொரு பக்கம் யாரோ அதையே இன்னும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். காசான் என்ற நினைவகக் கண்காணிப்பைக் கெர்னலில் போட்டுக் கட்டினால் இதைக் கையும் களவுமாகப் பிடிக்கும். மில் இல்லாதவர்கள் யுஎஸ்பி சாதனத்தின் 'ஆதரைஸ்டு' கோப்பில் 0, 1 என்று மாற்றி மாற்றி எழுதிப் பிடுங்குவதைப் போலிசெய்யலாம். ஓரளவுக்கு உதவும்.

இப்போது அந்த மில் பெட்டியின் ஐடியை டிரைவரில் சேர்க்கிற ஒரு வரி பேட்ச். அதை மெயின்லைனுக்கு, அதாவது அதிகாரப்பூர்வக் கெர்னலுக்கு, அனுப்புவதில்தான் நம் பிள்ளைகள் பயந்து விட்டுவிடுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் சடங்குகள் உண்டு. பேட்சை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும், அதுவும் வெறும் எழுத்தாக. எச்டிஎம்எல் மின்னஞ்சலை அவர்களுடைய சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் கிட் என்ற நிரல் மேலாண்மைக் கருவி மூலமாகவே அனுப்பப் பழகுங்கள். யாருக்கு அனுப்புவது என்று சொல்ல 'கெட் மெயின்டெய்னர்' என்று ஒரு ஸ்கிரிப்ட், நடை சரியா என்று பார்க்க 'செக் பேட்ச்' என்று இன்னொன்று, இரண்டும் கெர்னலோடே வருகின்றன. இது என் வேலை, கெர்னலின் உரிமமான ஜிபிஎல்லின் கீழ் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அடியில் கையொப்ப வரி போட வேண்டும், 2004-இல் கொண்டுவந்த வழக்கம். அந்தப் பகுதியைப் பராமரிக்கிற மெயின்டெய்னர் கேள்வி கேட்பார். எந்தச் சாதனம், என்ன பெயர், யுஎஸ்பி விவரத்தை முழுசாக அனுப்பு என்பார். அதட்டல் மாதிரி இருக்கும், அதட்டல் இல்லை. பதில் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். ஐடி சேர்க்கிற பேட்ச் என்றால் ஏற்கெனவே வெளிவந்த நிலையான கெர்னல்களுக்கும் அது போய்ச் சேரும், அவர்களுடைய விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

பெங்களூரு ஆட்களைவிட நமக்கு உண்மையிலேயே கஷ்டம் ஒன்று இருக்கிறது என்றால் அது கூரியர். கேள்விக்கு இது சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு சோதனை போர்டு ஆர்டர் போட்டால் திருநெல்வேலி வரை ராஜா மாதிரி வரும். அதற்குப் பிறகு "அண்ணா, உங்க ஏரியா வண்டி இன்னைக்கு வராது, வந்து வாங்கிக்கிறீங்களா" என்று போன். நாம் கிளம்பிப் போவதற்குள் "வீட்டில் ஆள் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வீட்டில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், ஆள் இல்லையாம்! புகார் கொடுத்தால் டிக்கெட் எண் வரும், பார்சல் வராது. நான் இப்போதெல்லாம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மருந்துக்கடை நண்பர் முகவரியைத்தான் கொடுக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லாக் கோளாறும் டிரைவர் கோளாறு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022-இல் உபுண்டு 22.04 வந்தபோது, அதே சிஎச்340 கேபிள் செருகிய உடனே மறைந்துபோவதாக ஒவ்வொரு கடையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டிமெசேஜில் டிரைவர் சாதனத்தை எடுத்த கையோடு பிஆர்எல்டிடிஒய் என்று ஒன்று பிடுங்கிக்கொள்வது தெரிந்தது. அது பார்வையற்றவர்களின் பிரெய்ல் திரைக்கான சேவை. அதே ஐடியோடு ஒரு பிரெய்ல் கருவியும் சந்தையில் இருப்பதால், தராசுக் கேபிளைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துக்கொள்கிறது. அந்த மென்பொருளைக் குறை சொல்லவே மாட்டேன், அது இல்லாமல் கம்ப்யூட்டரே தொட முடியாதவர்கள் இருக்கிறார்கள். பிரெய்ல் கருவி இல்லாத கடைகளில், அந்தக் கேபிளை அதற்குக் கொடுக்கிற ஒரு விதியை மட்டும் நிறுத்தி வைத்தேன். இதைப் பார்க்காமல் டிரைவரைக் குடைந்துகொண்டு இருந்தால் பொழுதுதான் போயிருக்கும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராபிக்ஸ் கார்டு, புதிய வைஃபை சில்லு, மொபைல் புராசஸர் என்று போனால் நான் சொன்னது பொருந்தாது. அங்கே சில்லின் ஆவணத்தையே பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுப்பார்கள், பஸ் அனலைசர் மாதிரிக் கருவிகள் தனி ஆள் வாங்குகிற விலையில் இல்லை. அதுதான் ஆசை என்றால் கம்பெனிக்குத்தான் போக வேண்டும், போங்கள். ஊரில் இருப்பது தியாகம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-இலேயே ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனி வந்தாயிற்று, ஊரில் உட்கார்ந்து சாப்ட்வேர் என்றால் இப்போது யாரும் சிரிப்பதும் இல்லை. கெர்னல் என்றால்தான் "சரி, சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?" என்று பெண் பார்க்கப் போன இடத்தில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நீங்கள் ஆரம்பிக்க வேண்டியது இப்படி: ஒரு பழைய லேப்டாப், கூடவே பலிகொடுக்க ராஸ்ப்பெரி பை என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கெர்னல் விழுந்தால் பை விழட்டும், உங்கள் லேப்டாப்பில் லாக் பத்திரமாக இருக்கும். பையிலிருந்து சீரியல் கேபிள் இழுத்து வைத்துக்கொண்டால் சாகும்போது அது சொல்கிற கடைசி வார்த்தை வரை பிடிக்கலாம். லேப்டாப்பில் முழுக் கெர்னலையும் கட்டாதீர்கள், கோடையில் மின்விசிறிச் சத்தத்திலேயே வீட்டில் திட்டு விழும். 'லோக்கல் மாட் கான்ஃபிக்' போட்டால் உங்கள் மெஷினில் ஓடுகிற மாட்யூல்களை மட்டும் கட்டும். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வருகிறது. அதில் முதல் இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பார்கள், பிறகு வாரம் ஒரு ஆர்சி, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு. அந்த ஆர்சியைப் போட்டு உங்கள் வீட்டு பிரிண்டர், கேமரா, தராசு எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் கிட் பைசெக்ட் வைத்து எந்த மாற்றத்தில் கெட்டது என்று பிடித்து எழுதுங்கள். சொந்தமாக ஒரு வரி எழுதாமலே "பிழையைச் சொன்னவர்" என்று உங்கள் பெயர் கெர்னல் வரலாற்றில் ஏறிவிடும். உங்கள் பிளேஸ்மென்ட் ஆளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆலங்குளம், சுரண்டை, அம்பை பக்கம் என்றால் கீழே சொல்லுங்கள், ஓரம் கட்டிய பழைய இண்டிகேட்டர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. நேரில் வந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும், கூரியரில் அனுப்ப மாட்டேன்.