கேள்வி – பதில்: தலைகளை எண்ணினால் போதாதா?

கேள்வி: இலங்கையின் மின்னேரியாக் குளம் வற்றும் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே புல்மேயக் கூடுகின்றன. யானைகளுக்கு எந்த நிலம் பிடிக்கும் என்பதைத் தலைகளை எண்ணியே சொல்லிவிடலாம் அல்லவா? இதற்கு, விலங்குகள் பரவும் விதத்தைக் கணிக்கும் சமன்பாடு எதற்கு?
— உயர்தர இணைந்த கணித மாணவி, வெள்ளவத்தை

பதில்: ஓரிடத்தில் எத்தனை விலங்குகள் நிற்கின்றன என்பதை மட்டுமே எண்ணிக்கை சொல்லும், அவை ஏன் நிற்கின்றன என்பதைச் சொல்லாது. புறக்கோட்டைப் பிரதான வீதியில் நண்பகலில் தலைகள் நெருக்கமாகத் தெரிவதற்கு, அங்கே வேகமாக நடக்க முடியாமையும் ஒரு காரணம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1905இல் எழுமாற்று நடை பற்றிய வினாவை எழுப்பினார். ஒவ்வோர் அடியையும் குருட்டுத்தனமான திசையில் வைப்பவன் தொடங்கிய இடத்திலிருந்து சராசரியாக விலகும் தூரம், காலத்தின் வர்க்கமூலத்துக்கே விகிதசமமாக வளரும். நான்கு மடங்கு நேரம் நடந்தாலும் இரண்டு மடங்கு தூரமே போய்ச்சேர்வான். இத்துடன் இனப்பெருக்கத்தையும் சேர்த்தால் கதை மாறுகிறது. 1905இல் பிராக் நகருக்கு அருகிலிருந்து மத்திய ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய கத்தூரி எலிகளை 1951இல் ஆராய்ந்த ஸ்கெல்லம், அவை பிடித்த பரப்பளவின் வர்க்கமூலம் ஆண்டுகளோடு நேர்கோட்டில் உயர்ந்ததைக் காட்டினார்; அதாவது அவற்றின் பரவல் விளிம்பு ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறியது. ஆனால் இக்கணக்குகளில் நிலம் கரம் பலகைபோல எங்கும் ஒரே தன்மையுடையது.

பற்றைக்காடு, வயல், வீதி என்று நிலம் மாறும்போது பரவுகைக் குணகமும் (விலங்கு எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் எண்) இடத்துக்கு இடம் மாறுகிறது. அப்போது அந்தக் குணகத்தைச் சமன்பாட்டில் எங்கே எழுதுகிறோம் என்பதே பெரிய வினாவாகிவிடுகிறது. பாடநூல்கள் இதை விரைந்து கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பரவல் சமன்பாட்டில் விலங்கு அடர்த்தி இடத்தைக் குறித்து இருமுறை வகையிடப்படுகிறது. அந்த இரு வகையீடுகளுக்கும் நடுவே குணகத்தை வைத்தால், நீண்ட காலத்தின் பின் விலங்குகள் எங்கும் சீராகப் பரவியிருக்கும். இரண்டுக்கும் உள்ளே, அடர்த்தியோடு பெருக்கி வைத்தால், அடர்த்தி குணகத்துக்கு நேர்மாறு விகிதமாக அமையும்: வயலைவிடக் காட்டில் குணகம் கால்பங்கானால் காட்டில் அடர்த்தி நான்கு மடங்காகும். தான் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து அடுத்த அடியின் அளவைத் தீர்மானிக்கும் விலங்குக்கு இரண்டாவது வடிவமே பொருந்தும். அந்த விலங்குக்குக் காட்டின்மீது தனி ஆசை எதுவும் இல்லை, அங்கே அது மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். இருந்தும் எண்ணிப் பார்ப்பவர் காடே அதன் விருப்பம் என்று முடிவுகட்டுவார். மின்னேரியாவில் புல்லின் ஈர்ப்பு மெய்யானது. எனினும் அந்த ஈர்ப்பையும் மெதுநடையையும் எண்ணிக்கை தனியே பிரித்துக் காட்டாது.

பிரிப்பதற்கு வழி உண்டு. ஜி.பி.எஸ் கழுத்துப்பட்டி தரும் ஒவ்வோர் அடியையும், அதே இடத்திலிருந்து விலங்கு வைத்திருக்கக்கூடிய, ஆனால் வைக்காத பல அடிகளோடு ஒப்பிட்டு, எவ்வகை நிலத்தை நோக்கிய அடி அதிகம் தெரிவாகிறது என்று மதிப்பிடலாம். யெலோஸ்டோன் பூங்காவின் வாபிட்டி மான்களுக்கு 2005இல் வெளியான ஓர் ஆய்வு இம்முறையைக் கையாண்டது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: விலங்குகள் விரைந்து கடக்கும் வழித்தடங்களையும் இது காட்டும். இரண்டு காடுகளுக்கு இடையிலான வெட்டவெளியை யானைகள் இரவில் விரைந்து கடப்பதால் அங்கே எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால், யானைக்கு வேண்டாத நிலம் என்று அந்த வழித்தடத்தைத் தவறாகக் கழித்துவிடுவோம்.

கேள்வி: மின்வேலியைச் சமன்பாட்டில் எவ்வாறு காட்டுவது?
— ஓய்வுபெற்ற நில அளவையாளர், கொட்டாஞ்சேனை

பதில்: வேலியைக் கடக்கும் பாயம் (ஓரலகு நேரத்தில் அதைக் கடந்துசெல்லும் விலங்குகளின் அளவு) பூச்சியம் என்று, வேலியாகிய எல்லையில் ஒரு நிபந்தனை விதிப்பது எளிய வழி. ஆனால் ஆண் யானைகள் வேலியை உடைப்பது நம் நாட்டில் அடிக்கடி நிகழ்வதால், ஒரு சிறு கடக்கும் நிகழ்தகவைக் கொடுப்பதே நேர்மையானது. அந்த எண்ணை மேசையில் இருந்து ஊகிக்காமல், வேலி உடைந்த நாட்களின் பதிவிலிருந்து எடுக்க வேண்டும்.