அக்காவிடம் கேளுங்கள்: என் பிள்ளை கடை வாசலில் நிற்பதா?

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 19 வயது. உயர்தரம் எழுதி முடித்துவிட்டாள். முதியோரைப் பராமரிக்கிற ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபையில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்தச் சிஸ்டர்மார் சந்தைக்கும் கடைகளுக்கும் போய் அரிசி, மரக்கறி கேட்பார்களாம். வசதி இல்லாவிட்டாலும் நாங்கள் ஒருத்தரிடமும் கை நீட்டியதில்லை. பெற்று வளர்த்த பிள்ளையைப் பிச்சை எடுக்கவா அனுப்புவது?
– ஒரு தாய், பெரியகல்லாறு

பதில்: தங்கச்சி, பிள்ளை பிரிந்து போவதைவிட அவள் கடை வாசலில் நிற்பதுதான் உங்களைச் சுடுகிறது என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதையே முதலில் பேசுவோம்.

இந்தச் சபையைத் தொடங்கிய ழான் ஜுகான், பிரான்சின் பிரித்தானி என்ற பகுதியின் கரையில் கன்கால் என்ற மீன்பிடி ஊரில் 1792இல் பிறந்தவர். கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராதபோது அவருக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. நம் கரையில் அப்படி வளர்ந்த பிள்ளைகளை உங்களுக்கும் தெரியும். வீட்டு வேலை செய்து பிழைத்தார். 1839 குளிர்காலத்தில், பார்வை இழந்து, உடம்பு விழுந்துபோன ஒரு கிழவியைத் தான் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு மேலே மச்சில் போய்ப் படுத்தார். அப்போது அவருக்கு வயது 47.

அப்புறம் இன்னும் முதியவர்கள் வந்து சேர்ந்தார்கள். அதில் பலர் வீடுவீடாகப் போய்க் கேட்டுச் சீவித்தவர்கள். நீங்கள் வழக்கமாகப் போகிற வீடுகளைச் சொல்லுங்கள், இனி உங்களுக்குப் பதில் நான் போகிறேன் என்று ழான் கூடையைத் தூக்கினார். காசோ, பழந்துணியோ, மிஞ்சிய சாப்பாடோ, கொடுத்ததை வாங்கினார். ஒருவர் கோபத்தில் கன்னத்தில் அறைந்தபோது, இது எனக்கு, என் ஏழைகளுக்கு ஏதாவது தாருங்கள் என்று கேட்டாராம். தள்ளாத வயதில் ஒரு கிழவி படியேறிப் படுகிற வெட்கத்தை அவர் தன் தலையில் வாங்கிக்கொண்டார். உங்கள் மகள் கடை வாசலில் நின்றாலும் அந்தக் கிழவியின் இடத்தில்தான் நிற்பாள். அதில் உங்கள் வீட்டு மானம் எங்கே போகிறது?

நிரந்தர வருமானம் தரும் சொத்து வேண்டாம் என்று 1865இல் அந்தச் சபை முடிவெடுத்தது. அதனால் இன்றைக்கும் கேட்டுத்தான் ஆகவேண்டும். எங்கள் அம்மா உலைக்கு அரிசி அளந்ததும் அதில் ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கிற முட்டியில் போடுவார். எங்களுக்கே அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. உங்கள் வீட்டிலும் பிடியரிசி இருந்திருக்கும். அதை வாங்கிப்போக வருகிற பெண்ணை நாம் பிச்சைக்காரி என்று சொன்னோமா?

சரி, மகள் நாளைக்கே வார்த்தைப்பாடு, அதாவது துறவியாக வாழ்வேன் என்று கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு, கொடுத்துவிடுவாளோ என்று பயப்படாதீர்கள். திருச்சபைச் சட்டப்படி நவசந்நியாசம் என்கிற பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது 3 வருடம். அதற்குப் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. திரும்பி வர இடையில் வழி உண்டு. திரும்பி வந்தால் வாசலைத் திறந்து வையுங்கள், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலோடு இந்தச் சபையில் விருந்தோம்பல் என்று நான்காவது வார்த்தைப்பாடும் உண்டு. முதியவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சாகிற நேரத்தில் இரவு முழுக்கப் பக்கத்தில் இருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். வயது போனவர்களோடு இருக்கப் பொறுமை இருக்கிறதா என்று மகளையே கேளுங்கள். அம்மம்மாவுக்கு நகம் வெட்டிவிடுகிற பிள்ளையா அவள்?

இன்னொன்றையும் மகளுக்குச் சொல்லுங்கள். 1843இல் சகோதரிகள் ழானை மறுபடியும் தலைவியாகத் தெரிவு செய்தபோது, பொறுப்பாயிருந்த குருவானவர் அதைத் தள்ளிவிட்டு 23 வயதுப் பெண்ணைத் தலைவியாக்கினார். கடைசி 27 வருடமும் ழான் ஒதுக்கப்பட்டே வாழ்ந்தார். தொடங்கியவர் இவர்தான் என்று கூட இருந்த இளம் சகோதரிகளுக்கே தெரியாது. 1879இல் இறந்தவரைத் திருச்சபை 2009இல்தான் புனிதர் என்றது. மடத்துக்குள்ளும் மனம் நோகும். தெரிந்துகொண்டு போகட்டும்.

மட்டக்களப்பில் இரவு ரயில் ஏறி, மகளையும் கூட்டிக்கொண்டு மருதானையில் இருக்கிற அவர்களுடைய முதியோர் இல்லத்துக்கு ஒருதரம் போய் வாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். முதியவர்களோடு இருந்து பேசுங்கள். தாய் தகப்பனைப் பார்க்க எப்போது விடுவார்கள், வீட்டில் வருத்தம் என்றால் வரலாமா என்று சிஸ்டர்மாரிடம் நேராகவே கேளுங்கள். தாய் கேட்கவேண்டிய கேள்விதான், கூச்சப்படாதீர்கள்.