பேட் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: கோவளம் பக்கம் கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக இரண்டு ஏ.டி.வி. (மணலில் ஓடும் நான்கு சக்கர) வண்டி வைத்திருக்கிறோம். ஒன்றுக்கு ஜனவரியில் பின் டிஸ்க் பிரேக் பேட் மாற்றினேன். ஏப்ரலிலேயே கீச்சென்று கத்துகிறது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் பக்கத்துப் பேட் தகடு வரை தேய்ந்துவிட்டது, மற்றது பாதிக்கு மேல் இருக்கிறது. எந்தப் பேட் வாங்கினால் உழைக்கும் அண்ணா?
- வாசகர், கோவளம்

பதில்: பேட் தரமில்லாததாக இருந்தால் இரண்டுமே தேய்ந்திருக்கும் தம்பி. ஒன்று மட்டும் போயிருக்கிறது என்றால் முதலில் பேடுகளை டிஸ்க்கில் கடிக்க வைக்கும் கவ்வியான காலிப்பரைப் பாருங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது நகரும் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம்தான். பெடலை மிதித்ததும் அது உள்பக்கப் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அப்புறம் காலிப்பரே ஸ்லைடு பின் என்கிற கம்பி மேல் வழுக்கி, வெளிப்பக்கப் பேடையும் இழுத்துக் கடிக்கும். ஸ்லைடு பின் ஜாம் ஆனால் காலிப்பர் நகராது. இரண்டு மாடு இழுக்கிற வண்டியை ஒரே மாடு இழுக்கும்.

போன வருடம் ஈ.சி.ஆர். ஓரத்திலிருந்து இப்படி ஒரு வண்டி என் புதுப்பேட்டை பட்டறைக்கு வந்தது. ஆறு மாதத்தில் மூன்று செட் பேட் மாற்றியிருந்தார்கள். ஸ்லைடு பின்னைக் கையால் உருவ முடியவில்லை, பிளையரால் திருகித் திருகி எடுத்தேன். அதன் ரப்பர் உறையில் (பூட்) மயிரிழை அளவுக்கு ஒரு கிழிசல். அது வழியாக இறங்கிய மணல் பழைய கிரீஸில் ரவை மாதிரி ஒட்டியிருந்தது. கீழே துரு, மேலே உப்புப் பூத்து வெள்ளை. அந்தச் சின்ன ரப்பரை யாரும் பார்க்கவில்லையே என்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

அதனால் பேடோடு சேர்த்து இந்த ரப்பர் உறையையும் வாங்குங்கள். பழைய பேடைக் கையோடு எடுத்துக்கொண்டு சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போங்கள். மாடல் பெயரை மட்டும் நம்பாமல் தகட்டின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். பேட் தூளை வாயால் ஊதவே ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். பிரேக் கிளீனரால் கழுவுங்கள். ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பூட்டியதும் காலிப்பரைக் கையால் ஆட்டினால் தடையில்லாமல் போய் வர வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வழிந்து பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். சில மாடல்களில் பார்க்கிங் பிரேக் கேபிளும் இதே காலிப்பருக்குத்தான் வரும். அதன் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால்தான் பிஸ்டன் உள்ளே போகும். போகவில்லையே என்று கிளாம்ப்பை வைத்து முறுக்கினால் காலிப்பரே பாழாகிவிடும். தகடு வரை தேய்ந்த பேட் டிஸ்க்கையும் அரித்திருக்கும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருப்பார்கள், அளந்து பாருங்கள்.

எல்லாம் பூட்டியபின் வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள். தள்ளிய பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொடும்வரை பின் பிரேக் வேலை செய்யாது. என் பட்டறையில் ஒரு பையன் அவசரத்தில் அப்படியே வண்டியை எடுத்துச் சுவரில் மோதி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து நான் மிதித்துப் பார்க்காமல் எந்த வண்டியும் நகராது. அப்புறம் தோப்புக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, 15, 20 தடவை இதமாகப் பிரேக் பிடித்துப் பேடைப் பழக்குங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் குறையவில்லை, ஆனால் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: மாற்றிவிடுங்கள் அம்மா. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. கடலோரத்தில் இருக்கிறீர்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். பாதி தீர்ந்து மூடி திறந்து கிடந்த டப்பாவிலிருந்து வேண்டாம்.