எனக்கென்று ஓர் உடைப் பாணி வேண்டும். இன்டீரியர் டிசைன் விதிகள் அதற்கு உதவுமா?

கேள்வி: வீடு என்றால் எந்தச் சுவருக்கு என்ன நிறம், எந்த நாற்காலி எங்கே என்று யோசிக்காமலே சொல்லிவிடுவேன். உடை என்று வந்தால் அலமாரி நிறையத் துணி இருந்தும் எதுவும் என்னுடையது மாதிரி இல்லை. வீட்டு அலங்கார விதிகளை உடைக்குப் பயன்படுத்த முடியுமா?

பதில்: முடியும். நான் இன்டீரியர் டிசைன் வேலையில் இருக்கிறேன், எனக்கான துணிகளையும் ஏறக்குறைய அதே முறையில்தான் தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் விதிகளுக்குப் போவதற்கு முன், வீட்டு விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஏன் இவ்வளவு தெளிவு என்று பார்க்க வேண்டும். ஓர் அறையின் படத்தைப் பார்க்கும்போது அதில் உங்கள் உடம்பு இல்லை. 'இந்த சோபா என் வயதுக்குச் சரிவருமா, என்னைக் குட்டையாகக் காட்டுமா' என்று யாரும் கேட்பதில்லை. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சட்டையைப் பார்க்கும்போது மட்டும் வயிறு, உயரம், நிறம், அடுத்தவர் என்ன சொல்வார் எல்லாம் சேர்ந்து பேசத் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தில் ரசனை வாயே திறக்காது. ஆகவே அறைகளிடமிருந்து தொடங்குவது நல்ல வழி. அங்கே நீங்கள் பொய் சொல்ல அவசியம் இல்லை.

முதலில் உங்களுக்குப் பிடித்த அறைகளின் படங்களைச் சேர்த்து வையுங்கள். உடைப் படம் ஒன்றுகூட வேண்டாம். மினிமலிசம், பொஹீமியன், ஸ்காண்டிநேவியன் போன்ற அலங்காரப் பாணிகளின் பெயர்களையும் மறந்துவிடுங்கள். அவை கடைக்காரருக்குத்தான் உதவும். ஒவ்வொரு படத்தையும் எடுத்து, 'இதில் எதை நீக்கினால் இந்த அறை எனக்குப் பிடிக்காமல் போகும்?' என்று மட்டும் கேளுங்கள். வீடு செய்துகொள்ள வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இதுதான். பதில் பெரும்பாலும் அவர்கள் முதலில் சொன்னதாக இருக்காது. 'எனக்கு வெள்ளை அறை பிடிக்கும்' என்பவர் கொண்டுவரும் படம் எல்லாவற்றிலும் பெரிய ஜன்னல் இருக்கும். அவருக்கு வேண்டியது வெளிச்சம், வெள்ளை இல்லை. 'மரம் பிடிக்கும்' என்பவருக்கு உண்மையில் பிடித்தது சொரசொரப்பாக, கை வைத்தால் தெரிகிற மேற்பரப்பாக இருக்கும். அவருக்குப் பாலிஷ் போட்டுப் பளபளக்கும் மரத்தைக் காட்டினால் முகம் சுருங்கிவிடும்.

இந்தப் பதிலைத்தான் உடைக்கு மாற்ற வேண்டும். வெளிச்சம் பிடித்தவருக்கு மெல்லிய, தளர்வாக விழும் துணி, திறந்த கழுத்து, குறைவான அடுக்குகள். அது நீலமாகவும் இருக்கலாம். சுவர் முழுக்கப் புத்தகம், விரிப்புமேல் விரிப்பு என்று நிறைந்த அறை பிடித்தவர் ஒற்றைச் சாம்பல் டிஷர்ட்டில் சந்தோஷமாக இருக்கப்போவதில்லை. அவருக்கு அடுக்கடுக்கான உடை, அடர்ந்த நிறங்கள், பூவேலை, நிறையப் பாக்கெட் வேண்டும். கைப்பிடியே தெரியாத அலமாரிக் கதவுகளை ரசிப்பவர், பட்டன் மறைந்த, லோகோ இல்லாத, தோள் தையல் சரியாக உட்கார்ந்த உடையைத் தேட வேண்டும். அப்புறம் இஸ்திரி போடவும் தயாராக இருக்க வேண்டும், அந்த அழகே மடிப்பில்லாமல் இருப்பதில்தான்.

அடுத்தது, மாற்ற முடியாதவை. ஒரு வீட்டில் தரை, ஜன்னல் பார்த்த திசை, கூரையின் உயரம் இவற்றை எழுதிக்கொண்ட பிறகுதான் நாங்கள் பெயின்ட் பக்கமே போவோம். உங்கள் தரையும் ஜன்னலும் எவை? தோலின் நிறம், முடி, கண், வேலைக்குக் கட்டாயம் போட வேண்டிய ஷூ, நீங்கள் வாழும் ஊரின் வெயிலோ குளிரோ, ஒரு நாளில் எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள் என்பது. எல்லோரும் மறப்பது மூக்குக் கண்ணாடியை. முகத்துக்கு மிக அருகில், தினமும், எல்லா உடையோடும் இருப்பது அதுதான். அந்த ஃபிரேமின் நிறத்தையும் கனத்தையும் கணக்கில் எடுக்காமல் உடை யோசிப்பது, தரையைப் பார்க்காமல் விரிப்பு வாங்குவதுதான்.

நிறத்துக்கு 60-30-10 என்று ஒரு வழக்கம் உண்டு. அறையில் 60 சதவீதம் ஒரு முக்கிய நிறம் (சுவர், பெரிய பொருட்கள்), 30 சதவீதம் இரண்டாவது நிறம் (திரை, நாற்காலி), 10 சதவீதம் சிறு பொருட்களில் ஒரு துள்ளல் நிறம். யாரும் டேப் வைத்து அளப்பதில்லை, கண் மதிப்புதான். உடையில் இதை அப்படியே போடலாம்: பேண்ட்டும் ஜாக்கெட்டும் 60, உள்ளே சட்டை 30, ஷூவோ பையோ கழுத்துத் துணியோ 10. ஆனால் என் கருத்தில் இந்தக் கணக்கை ஒரு நாள் உடையைவிட முழு அலமாரிக்கும் போட்டுப் பார்ப்பதுதான் பிரயோஜனம். 'துணி நிறைய இருக்கிறது, போட எதுவும் இல்லை' என்பவர்களின் அலமாரியில் பெரும்பாலும் எல்லாமே அந்த 10 சதவீதத்தைச் சேர்ந்தவை. தனித்தனியாக ஒவ்வொன்றும் அழகு. ஒன்றோடு ஒன்று சேராது. இப்படிப்பட்ட அலமாரிக்குப் புதிதாக வேண்டியது எதனோடும் சேரும் அமைதியான நிறத்தில் இரண்டு மூன்று பேண்ட், அவ்வளவுதான். கடையில் அதை எடுக்கும்போது சந்தோஷமே வராது. வராததால்தான் இத்தனை நாள் வாங்காமல் விட்டிருக்கிறீர்கள்.

'இந்த நிறம் எனக்கு ஒத்துவராது' என்று ஒதுக்கியவற்றையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1824இல் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அங்கே அறைச் சுவர்களில் தொங்கவிடும் ஓவியத் திரைகளை நெய்வார்கள். கறுப்பு நூலில் ஆழமே இல்லை, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் வேறு இடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கலாகக் காட்டின. பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்ற ஆய்வை 1839இல் புத்தகமாகவே வெளியிட்டார். உங்களுக்குப் பொருந்தாத அந்தப் பச்சைச் சட்டையும் ஒருவேளை அந்தக் கறுப்பு நூலாக இருக்கலாம். அதைக் கழிப்பதற்கு முன், முகத்துக்கும் அதற்கும் நடுவில் வேறொரு நிறம் வைத்துப் பாருங்கள், அல்லது அதைக் கீழே கொண்டுபோங்கள்: அதே பச்சையில் ஒரு பேண்ட்.

பார்ப்பதையும் ஜன்னல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. வீட்டில் போடும் மஞ்சள் எல்.இ.டி. விளக்கு சுமார் 2700 கெல்வின். நண்பகல் வெளிச்சம் 5500ஐ ஒட்டி இருக்கும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொன்றில் பிரிந்துவிடும். கடையில் ஜோடியாக இருந்த கறுப்பும் கருநீலமும் தெருவில் சண்டை போடுவது இதனால்தான். பெயின்ட் சாம்பிளைக் கடை வெளிச்சத்தில் வைத்து முடிவெடுக்கும் டிசைனரை நான் பார்த்ததில்லை.

கோடு, கட்டம், பூ இவற்றில் அளவுதான் எல்லாம். ஒரே அளவில் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒன்று பெரிது, ஒன்று பொடி என்றால் ஒத்துப்போகும். திரைக்கும் மெத்தைக்கும் உள்ள இந்த வழக்கம் சட்டைக்கும் டைக்கும் அப்படியே பொருந்தும். 'குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும்' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரு சதுரத்தைக் குறுக்குக் கோடுகளால் நிரப்பினால் அது அகலமாக அல்ல, உயரமாகத் தெரிகிறது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1860களிலேயே காட்டிவிட்டார்.

கண் முதலில் போய் நிற்கும் இடம், ஃபோகல் பாயின்ட், ஒன்று போதும். ஒரே நிற உடை போட்டால் துணியின் தன்மையையாவது மாற்றுங்கள்; பளபளப்பில்லாத பருத்தி, கம்பளி, தோல் என்று மாறினால்தான் தட்டையாகத் தெரியாது. இவை இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

எச்சரிக்கை ஒன்று. எல்லாவற்றையும் ஒரே பாணியில் கட்டிப்போடும் ஆசை வரும். ஹென்றி வான் டி வெல்ட என்ற பெல்ஜிய வடிவமைப்பாளர் 1895இல் பிரஸ்ஸல்ஸ் அருகே தன் வீட்டைத் தானே வடிவமைத்தார், மனைவியின் உடைகளையும் அந்த வீட்டுக்குப் பொருந்தும்படி வரைந்தார். இந்த மோகத்தை 1900இல் அடால்ஃப் லூஸ் என்ற கட்டடக் கலைஞர் ஒரு கதை எழுதிக் கிண்டலடித்தார். அதில் ஒரு பணக்காரர் வீட்டைச் செருப்பு வரை ஒரு டிசைனரே வடிவமைத்துக் கொடுக்கிறார். ஒருநாள் அந்தச் செருப்போடு அவர் வேறு அறைக்கு வந்துவிட, 'அது படுக்கையறைக்கு வரைந்த செருப்பு, இங்கே சூழலையே கெடுக்கிறது' என்று டிசைனர் கத்துகிறார். உங்கள் அலமாரியிலும் பொருந்தாத ஒரு பைத்தியக்காரச் சட்டை இருக்கட்டும்.

இன்னொன்று, அறை அசையாது, நீங்கள் அசைவீர்கள். அறையை நீங்கள் உள்ளிருந்து பார்க்கிறீர்கள். உடையை மற்றவர்கள்தான் பார்க்கிறார்கள், நீங்கள் அதை உணர மட்டும் செய்கிறீர்கள். படத்தில் அழகாக இருப்பது இங்கே பாதிக் கணக்குத்தான். ஆகவே டிரையல் அறையில் கண்ணாடி முன் நிற்பதோடு விடாதீர்கள். உட்காருங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கை தூக்கும்போது சட்டை முழுதும் மேலேறினால் அக்குள் வெட்டு மிகவும் கீழே இருக்கிறது என்று அர்த்தம். நிறம் எவ்வளவு பிடித்தாலும் அதைத் திருப்பி மாட்டிவிடுங்கள். நீளத்தைக் குறைக்க டெய்லரால் முடியும், அக்குளை மேலே ஏற்றுவது சுலபமில்லை.