14 மதிப்பெண் வந்தால் மனநோயா?

கேள்வி: நான் ஆறு மாதக் கர்ப்பிணி. சென்ற வாரப் பரிசோதனையின்போது பத்துக் கேள்விகள் அடங்கிய ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அதில் 14 மதிப்பெண் வந்திருப்பதால், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அசதியும் தூக்கமின்மையும் கர்ப்ப காலத்தில் இயல்புதானே? இதை வைத்து எனக்கு மனநோய் என்று முடிவு கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை. நீங்கள் நிரப்பியது, மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டறிய உதவும், 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலாக இருக்க வேண்டும். பிரசவித்த தாய்மார்களுக்கென்று உருவான அது, பின்னர் கர்ப்பிணிகளுக்கும் பயன்பாட்டுக்கு வந்தது. நீங்கள் எழுப்பும் ஐயம் அதை வகுத்தவர்களுக்கும் இருந்ததால்தான், அசதியைப் பற்றியோ பசியைப் பற்றியோ அதில் ஒரு கேள்விகூடக் கிடையாது. தூக்கம் பற்றிய ஒரே கேள்வியும், 'தூக்கம் வருகிறதா' என்று கேட்காமல், 'தூங்க முடியாத அளவுக்கு மனம் வருந்தியதா' என்றே கேட்கிறது. வயிற்றின் பாரத்தால் புரண்டு படுப்பவருக்கு அதில் மதிப்பெண் ஏறாது.

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. பொதுவாக 13-ஐ எட்டினால் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்று கொள்கிறார்கள். சில இடங்களில் 10-லேயே அழைத்துவிடுவார்கள். கடந்த ஏழு நாட்களின் மனநிலையை மட்டுமே அந்தத் தாள் காட்டுவதால், நோய் உண்டா இல்லையா என்பதை மருத்துவர் உங்களுடன் நேரில் பேசித்தான் தீர்மானிப்பார். வருத்தமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கிறதா, முன்பு எப்போதாவது மனச்சோர்வு வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்பார். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் ஏறத்தாழ இதே தோற்றம் காட்டக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுக்கலாம். இலேசான மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சையே போதும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், குழந்தைக்கு ஆகாது என்று நீங்களாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

உடன் வந்தவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில் தாளை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் 'நன்றாக இருக்கிறேன்' என்றே குறிக்கிறார்கள். உங்களுக்கு 14 வந்ததென்றால் மனம் திறந்து எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மறுமுறை தருகையில், தனியே அமர்ந்து நிரப்ப இடம் கேளுங்கள்.

பத்தாவது கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறெதைக் குறித்திருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருப்பினும், குறித்துக் கொடுத்த தேதிக்காகக் காத்திராமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.