தீர்ப்புத் தேடல்: வாசகர் கேள்விகள்

கே: ‘கவனக்குறைவு, இழப்பீடு’ என்று தேடினால் 4,000 தீர்ப்புகள் வருகின்றன. எதைப் படிப்பது?

ப: எதையும் படிக்காதீர்கள், தேடலை மாற்றுங்கள். சேர்ந்தே வரவேண்டிய சொற்களுக்கு இரட்டை மேற்கோள் போடுங்கள். இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வேண்டுமென்றால் வெஸ்ட்லா என்ற கட்டணத் தீர்ப்புத் தளத்தில் நடுவே /s, ஒரே பத்தியில் என்றால் /p. பிறகு சட்டப்பிரிவு எண், நீதிமன்ற வடிகட்டி. 40-க்குள் வந்ததும் படிக்க உட்காரலாம்.

கே: தீர்ப்பு இருப்பது நிச்சயம். தேடினால் வரவில்லையே?

ப: எந்த ஆண்டு, என்ன சொல் போட்டீர்கள் என்று எழுதியிருக்கலாம். பழையது என்றால் ஸ்கேன் பக்கமாக இருக்கும். வரிமுனையில் உடைந்த சொல்லை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள்) இரண்டாக எடுத்திருக்கும். ஒரு தரப்பினர் பெயர், ஆண்டு, இவ்வளவு மட்டும் போட்டுப் பாருங்கள்.

கே: தேடல் தளத்தில் தீர்ப்பின் பக்கத்தில் பச்சைக் குறி இருந்தால் அது இன்றும் செல்லும்தானே?

ப: உறுதியில்லை. மேல் நீதிமன்றம் அதன் பெயரையே எடுக்காமல் அடிப்படையைத் தகர்த்திருந்தால் குறி போடும் கருவி கோட்டைவிடலாம். சிவப்பும் அப்படித்தான்: ஒரே ஒரு பாயிண்டில் ஓவர்ரூல் ஆகி (பின்வந்த தீர்ப்பால் செல்லாமல் போய்), உங்களுக்கு வேண்டிய பாயிண்ட் உயிரோடு இருக்கலாம். திறந்து படியுங்கள்.

கே: ஹெட்நோட்டிலேயே (தீர்ப்பின் தலையில் வரும் சுருக்கம்) தெளிவாக இருக்கிறது. அப்படியே மனுவில் போடலாமா? முழுதும் படிக்க நேரமில்லை.

ப: கூடாது. எத்தனை முறை எழுதுவது? ஹெட்நோட் பெரும்பாலும் பதிப்பாசிரியரின் கைவேலை, இப்போது சில இடங்களில் மென்பொருளின் வேலை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1906-லேயே டெட்ராய்ட் டிம்பர் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. இன்றும் தன் தீர்ப்புச் சுருக்கங்களின் தலையில் அந்த வழக்கைக் காட்டி எச்சரிக்கிறது. எங்கே உதைக்கும் தெரியுமா? ‘வாதி தரப்பில் வாதிட்டதாவது’ என்று தொடங்கும் பத்தி, ஹெட்நோட்டில் முடிவுபோல வந்து நிற்கும். மாறுபட்ட நீதிபதியின் கருத்து பெரும்பான்மைக் கருத்தாகிவிடும். ‘இவ்வழக்கின் தனிச் சூழ்நிலையில்’ என்ற மூன்று சொல் விழுந்துபோகும்; எதிர்த்தரப்பு எழுந்து அதைத்தான் வாசிக்கும். ஹெட்நோட் காட்டும் பத்தியைப் பிடியுங்கள். அதற்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, கடைசியில் உத்தரவுப் பகுதி. அவசரத்துக்குக் குறைந்தபட்சம் இது. கால் மணி நேரம் ஆகும். பத்தி எண்ணோடு நீதிபதியின் வாசகத்தையே மனுவில் போடுங்கள்.

கே: ஏஐ தந்த தீர்ப்பு நிஜமா என்று அதனிடமே கேட்டேன். நிஜம் என்றது.

ப: 2023-ல் நியூயார்க்கில், அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலும் இப்படித்தான் கேட்டார்கள். சாட்ஜிபிடி உண்டாக்கிய 6 தீர்ப்புகளைக் காட்டியதற்கு 5,000 டாலர் அபராதம். சைட்டேஷனை, அதாவது தீர்ப்பைக் குறிக்கும் ஆண்டு, பக்க எண் குறிப்பை, தரவுத்தளத்தில் போடுங்கள். கிடைத்தால் திறந்து படியுங்கள். நிஜத் தீர்ப்புக்கும் இல்லாத வாசகத்தை ஏஐ ஒட்டும்.

கே: இலவசத் தளம் போதுமா?

ப: தேடவும் படிக்கவும் போதும். பின்னாளில் அந்தத் தீர்ப்பு என்ன ஆனது என்று பார்க்க சைட்டேட்டர் (மேலே சொன்ன பச்சை, சிவப்புக் குறி போடும் கருவி) உள்ள தளம் வேண்டும். இலவசத் தளத்தில் ஹெட்நோட் பெரும்பாலும் இருக்காது. ஹெட்நோட்டை மனுவில் போடலாமா என்று கேட்டவருக்கு அது நல்லதுதான்.